கராஜ் சேலில அம்பிட்ட பழைய ரைபிள் ஸ்கோப்: இது என்ன, என்ன விலை போகும்?

தம்பி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். எற்றோபிக்கோவில ஒரு வயசான வெள்ளைக்காரர் செத்தாப்பிறகு பிள்ளையள் வீட்டுச் சாமான் வித்த இடத்தில 40 டொலருக்கு ஒரு கறுப்புக் குழாய் வாங்கியிருக்கிறீங்கள், ஏறக்குறைய பதினொரு இஞ்சி நீளம், மேல ஒரு டிரம் (கையால திருப்பிற வட்டக் குமிழ்), பக்கத்தில ஒரு டிரம், குழாயில 'ஆர்.ஈ.எல். கனடா' எண்டும் 1944 எண்டும் நாலு இலக்கத்தில ஒரு நம்பரும் வெட்டிக் கிடக்கு, மிச்ச எழுத்து பெயின்ற்றுக்குள்ள மறைஞ்சு போச்சு. உள்ளுக்க பார்த்தா கீழயிருந்து ஒரு முள்ளும் குறுக்கால ஒரு கோடும், ஆனா முள்ளு நடுவில நிக்கேல்ல, கண்ணாடியும் மங்கல். கடைக்காரர் ஒராள் 120 தாறன் எண்டவராம். இது என்ன சாமான், விலை என்ன, பித்தளை மினுக்கிற மருந்து போட்டு மினுக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதல் பதில் சொல்லுறன், ஏனெண்டால் இதை வாசிச்சு முடிக்க முதல் நீங்கள் அந்த மருந்தைக் கையில எடுத்திடுவீங்களோ எண்டு பயமா கிடக்கு. மினுக்காதேங்கோ. ஒண்டுமே செய்யாதேங்கோ. காய்ஞ்ச மெல்லிய துணியால தூசியை மட்டும் தட்டிப்போட்டு ஒரு பெட்டியில வையுங்கோ. நான் இந்தச் சாமானுகளைச் சேர்க்கத் தொடங்கின புதுசில, இதே மாதிரி ஒண்டை ஆரோ பளபளவெண்டு பித்தளை தெரிய மினுக்கி மேசையில அலங்காரத்துக்கு வைச்சிருந்ததை வாங்கினனான். கறுப்பு முழுக்கப் போய், வெட்டின எழுத்தின்ர விளிம்பெல்லாம் மழுங்கி, எழுத்துக்குள்ள இருந்த வெள்ளைப் பெயின்ற்றும் இல்லை. கண்ணாடி நல்ல தெளிவு, டிரம் ரெண்டும் வேலை செய்யுது, எண்டாலும் பேந்து விக்கப் போகேக்க நல்லதுக்குக் கேக்கிற விலையில மூண்டில ஒண்டுதான் கிடைச்சது. போன கறுப்பைத் திருப்பிப் பூசலாம், ஆனா பார்க்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு அது உடன தெரியும்.

சரி, இது என்ன. நீங்கள் சொன்ன அடையாளத்தைப் பார்த்தா இது பிரித்தானிய ராணுவத்தின்ர நம்பர் 32 எண்ட ஸ்கோப் (துவக்குக்கு மேல பூட்டிக் குறிபார்க்கிற தூரக்கண்ணாடி), கனடாவில செய்தது. ரெண்டாம் உலகப் போரில லீ என்ஃபீல்ட் நம்பர் 4 ரைபிளை ஸ்னைப்பர் ரைபிளா, அதாவது ஒளிச்சிருந்து தூரத்துக்குக் குறிபார்த்துச் சுடுற ரைபிளா, மாத்தேக்க மேல பூட்டினது இதுதான். முதலில இதை ரைபிளுக்கெண்டு செய்யேல்ல, பிரென் எண்ட மெஷின் கன்னுக்கெண்டு செய்தவை, அதாலதான் இந்தச் சின்னக் குழாய்க்கு இவ்வளவு பாரம், கையில எடுத்த உடன உங்களுக்கே விளங்கியிருக்கும். மூண்டு மடங்குதான் பெரிசாக் காட்டும், முன் கண்ணாடி 19 மில்லிமீற்றர், இண்டைக்கு வேட்டைக்காரர் பாவிக்கிறதுகளோட ஒப்பிட்டா சின்னன், ஆனா அந்தக் காலத்துக்கு அது போதும்.

இனி ஆர்.ஈ.எல். எண்ட மூண்டு எழுத்து. எனக்கு இந்தச் சாமானில பிடிச்சதே இதுதான். ரிசேர்ச் என்ரர்பிரைசஸ் லிமிடெட் எண்டு 1940-ல கனடா அரசாங்கம் தொடங்கின கொம்பனி, இருந்தது லீசைட்டில. ஓம், எங்கட ரொறன்ரோ லீசைட்தான், டொன் வலிக்குப் பக்கத்தில, இப்ப பெரிய பெரிய கடையள் இருக்கிற அந்தப் பக்கம். போர் தொடங்கேக்க கனடாவில லென்ஸுக்குப் பாவிக்கிற ஒப்ரிக்கல் கண்ணாடி செய்ய ஒரு இடமும் இல்லை. வெளியில இருந்துதான் எடுக்கிறவை, கடலில கப்பல் தாழுற காலத்தில அது நடக்காத காரியம், அதால கண்ணாடியை உருக்கிறதில இருந்து லென்ஸ் தேய்ச்சுக் குழாயில போடுற வரைக்கும் எல்லாத்தையும் ஒரே இடத்தில செய்யத் தொடங்கினவை, 1941-லேயே அங்க கண்ணாடி வந்திட்டுது. ரேடார் கூட அங்கதான் செய்தவை. ஆயிரக்கணக்கில ஆக்கள் வேலை, அதில கனபேர் பொம்பிளையள். போர் முடிய 1946-ல கொம்பனியை மூடிட்டினம். இதைப் பூட்டுற ரைபிளைச் செய்ததும் தூரத்தில இல்லை, மிசிசாகாவில ஏரிக்கரையோட, லோங் பிராஞ்ச் எண்ட இடத்துக்குப் பக்கத்தில ஸ்மோல் ஆர்ம்ஸ் லிமிடெட், ஒம்பது லட்சத்துக்கு மேல ரைபிள் செய்த தொழிற்சாலை, அதின்ர இன்ஸ்பெக்ஷன் கட்டிடம் இப்பவும் நிக்குது, போய்ப் பார்க்கலாம். எற்றோபிக்கோவில ஒரு கிழவற்ற வீட்டில இது இருந்ததில ஒரு அதிசயமும் இல்லை, செய்த இடம் ஒரு பக்கம், பூட்டின இடம் மற்றப் பக்கம், நடுவில அவற்ற வீடு.

அதால முதல் வேலையா அந்தப் பிள்ளையளிட்ட திருப்பிப் போய் மரியாதையாக் கேளுங்கோ, அப்பா எங்க வேலை செய்தவர், ராணுவத்தில இருந்தவரோ எண்டு. அவை சொல்லுறதை எழுதி வையுங்கோ. கதைக்கு மட்டும் ஒருத்தரும் காசு தரமாட்டினம், ஆனா கதையோட ஒரு பேப்பரோ படமோ இருந்தா அது வேற.

அடுத்தது எந்த மார்க், அதாவது எத்தினையாவது திருத்தின மொடல் எண்டு பார்க்கவேணும். மார்க் 1, மார்க் 2, மார்க் 3 எண்டு மூண்டு வந்தது, பெயின்ற்றுக்குள்ள எழுத்து தெரியாட்டிலும் டிரம்மைத் திருப்பிக் கண்டுபிடிக்கலாம். மேல இருக்கிற டிரம் தூரத்துக்கு, 1000 யார் வரைக்கும் இலக்கம் போட்டிருக்கும். பக்கத்தில இருக்கிறது காத்துக்கு, இடம் வலம். மெல்லத் திருப்பேக்க 'டிக் டிக்' எண்டு விரலில படும். மார்க் 1 எண்டால் மேல் டிரம் 50 யாருக்கு ஒரு டிக், பக்க டிரம் ரெண்டு மினிற்றுக்கு ஒரு டிக். மினிற் எண்டுறது கோணத்தின்ர அளவு, 100 யாரில கிட்டத்தட்ட ஒரு இஞ்சி வரும், அப்ப 300 யாரில நிக்கிற ஆளுக்கு ஒரு டிக்கில ஆறு இஞ்சி பாயும். ஸ்னைப்பருக்கு அது பெரிய குறை. மார்க் 2-ல ரெண்டு டிரம்மையும் ஒரு மினிற் டிக்காக்கினவை. மார்க் 3-ல இன்னொரு தலையிடியைத் தீர்த்தவை. முந்தின ரெண்டிலயும் ரைபிளுக்கு ஏத்த மாதிரி ஸீரோ பண்ண, அதாவது குறி காட்டுற இடமும் குண்டு படுற இடமும் ஒண்டா வரச் செய்ய, ஒரு விசேஷச் சாவி வேணும், ஒராள் பிடிக்க மற்றாள் திருப்பவேணும், மார்க் 3-ல டிரம்மின்ர அளவுகோலைத் தனிய நழுவ விட்டு ஒராளே செய்யலாம். அது 1944-ன்ர கடைசியிலதான் வந்தது. அதால உங்கட 1944 எதாவும் இருக்கலாம், வருசத்தை மட்டும் வைச்சு முடிவெடுக்கேலாது. டிரம் இறுகி நிண்டா பலத்தைப் போடாதேங்கோ, எண்பது வருசக் கிரீஸ் அரக்கு மாதிரி இறுகியிருக்கும், உள்ள இருக்கிற சின்ன ஸ்குரூ உடைஞ்சா மாத்துறதுக்கு ஒண்டும் கிடையாது.

முள்ளு நடுவில இல்லை எண்டு கவலைப்பட்டிருந்தீங்கள். அது பழுதில்லை. இந்தக் காலத்து ஸ்கோப்பில டிரம்மைத் திருப்பினாலும் குறி எப்பவும் நடுவிலதான் தெரியும், ஏனெண்டால் உள்ளுக்குள்ள நகருறது உருவம். அந்தக் காலத்ததில குறியேதான் மேலயும் கீழயும் போகும், கண்ணால பார்க்கலாம். கடைசியாப் பாவிச்ச ஆள் எந்தத் தூரத்துக்குத் திருப்பி விட்டாரோ அந்த இடத்தில முள்ளு நிக்குது. டிரம் லேசாச் சுத்தினா, பார்த்துக்கொண்டே திருப்பிப் பாருங்கோ, முள்ளு ஊர்ந்து வரும்.

மறைஞ்ச எழுத்தை வாசிக்க நகத்தால சுரண்டாதேங்கோ. இரவில லைற்றை நிப்பாட்டிப்போட்டு, போன் ரோச்சைக் குழாயோட ஒட்டினாப் போல சரிச்சுப் பிடியுங்கோ, நேர வெளிச்சத்தில தெரியாத கீறல் எல்லாம் நிழல் விழுந்து எழும்பி நிக்கும், நாலு பக்கத்தாலயும் சரிச்சுச் சரிச்சுப் படமெடுங்கோ. நீங்கள் தேடவேண்டியது நாலு சாமான். ஒண்டு, ஆங்கில 'சி' எழுத்துக்குள்ள மேல பார்த்த ஒரு அம்புக்குறி, அது கனடா அரசாங்கச் சொத்து எண்ட முத்திரை, பிரித்தானியாவில எண்டால் 'சி' இல்லாமல் அம்பு மட்டும். ரெண்டாவது 'நம்பர் 32 மார்க்' எண்ட வரி. மூண்டாவது 'ஓ.எஸ்.' எண்டு தொடங்கிற ஒரு நம்பர், 466 எண்டால் மார்க் 1, 1650 எண்டால் மார்க் 2, 2039 எண்டால் மார்க் 3. நாலாவது ஏதாவது எழுத்தைக் கோடு போட்டு வெட்டிப்போட்டுப் பக்கத்தில வேற எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ. புதுசாப் பார்க்கிற ஆக்கள் இந்த வெட்டைக் கண்டு ஆரோ பழுதாக்கிப் போட்டாங்கள் எண்டு நினைக்கினம். ராணுவ வேர்க்‌ஷொப்பில பழைய மார்க்கைப் புது மார்க்குக்கு மாத்தேக்க இப்பிடித்தான் வெட்டி எழுதுறவை, பிரித்தானியாவில சிலதை 1970-ல வந்த எல்42 எண்ட ஸ்னைப்பர் ரைபிளுக்கெண்டு திருப்பியும் மாத்தி மீற்றர் டிரம் போட்டவை. அந்த வெட்டுக் கோடு சாமானின்ர சரித்திரம், அதால விலை குறையாது.

போலியும் ஓடித்திரியுது. இந்த ஸ்கோப்பைப் புதுசா நகல் செய்தும் விக்கினம், ரஷ்யன் மோசின் ரைபிளுக்குப் போடுற பி.யூ. ஸ்கோப்பில இன்னும் மோசம். நகலில எழுத்தெல்லாம் ஒரே ஆழம், ஒரே அகலம், லேசரால சுட்ட மாதிரி ஒரு சாம்பல் நிறம் அடியில தெரியும். ஒறிஜினலில பெயரும் மொடலும் மெஷினால வெட்டினதாலும் நம்பர் வேற நேரத்தில வேற கையால போட்டதாலும் ரெண்டும் ஒரே மாதிரி இராது. உங்கடதைக் கராஜ் சேலில 40 டொலருக்கு வித்தவை, பெயின்ற் எழுத்தை மூடிக் கிடக்கு எண்டுறீங்கள், போலி செய்யிறவன் எழுத்தை மூடமாட்டான், அதால எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை, எண்டாலும் படம் பார்த்தாப் பிறகுதான் உறுதியாச் சொல்லுவன்.

இப்ப மங்கல். விலையைத் தூக்கிறதும் விழுத்திறதும் இதுதான், அதால கொஞ்சம் நிண்டு சொல்லுறன். ரோச்சை முன் கண்ணாடிக்குள்ள சரிச்சு அடிச்சுப்போட்டு மற்றப் பக்கத்தால பாருங்கோ, நேர வைச்சுப் பாக்காதேங்கோ கண் கூசும். மெல்லிய புகை மாதிரி ஒரே சீராப் படர்ந்திருந்தா அது உள்ள இருந்த கிரீஸ் காலப்போக்கில ஆவியாகி கண்ணாடியில படிஞ்சது, தெரிஞ்ச ஆள் கழட்டித் துடைச்சாப் போகும், பயமில்லை. சிலந்தி வலை மாதிரி, வேர் விட்ட மாதிரி நூல் நூலா இருந்தா பங்கஸ், பூஞ்சணம். புதுசு எண்டால் துடைக்கலாம், கனகாலம் இருந்தா கண்ணாடியையே அரிச்சு அடையாளம் விட்டிடும். மூண்டாவது, விளிம்பில இருந்து உள்நோக்கி மஞ்சளா, இல்லாட்டி வானவில் நிறத்தில திட்டுத் திட்டாத் தெரிஞ்சா அது பிசின் விட்டது.

பிசின் எண்டு நான் சும்மா சொல்லேல்ல. அந்தக் காலத்தில ரெண்டு கண்ணாடித் துண்டை ஒட்டி ஒரு லென்ஸ் ஆக்கிறதுக்குப் பாவிச்சது கனடா பால்சம் எண்ட மரப் பிசின், பால்சம் ஃபர் எண்டு இங்க கிறிஸ்மஸுக்கு வெட்டுற மரங்களில ஒண்டு, அதின்ர பட்டையில கொப்புளம் கொப்புளமா நிக்கும், ஊசியால குத்தினா தேன் மாதிரி வடியும். காய்ஞ்சாப் பிறகு அதுக்கூடாக வெளிச்சம் வளையிற அளவும் கண்ணாடிக்கூடாக வளையிற அளவும் கிட்டத்தட்ட ஒண்டுதான், அதால ஒட்டின இடமே கண்ணுக்குத் தெரியாது. ஆனா அது பிசின்தானே, சூட்டுக்கு இளகும், ஸ்பிரிற்றில கரையும், வயசு போக வெடிக்கும். அதாலதான் சொல்லுறன், கார் டாஷ்போர்ட்டில வெயிலுக்க வைச்சிடாதேங்கோ, அசிற்றோன், கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே ஒண்டும் கிட்ட வரக்கூடாது. விட்ட பிசினைக் கழட்டித் திருப்பி ஒட்டத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், வேலை மெல்ல, காசும் கூட. மூண்டு வருசத்துக்கு முதல் என்ர சிநேகிதர் ஒராள் கமரா திருத்திற ஒரு கடையில குடுத்தவர், அவங்கள் கழட்டத் தெரியாமல் குறட்டால பிடிச்சு வளையத்தில எல்லாம் பல்லுக் காயம், உள்ளுக்க இருந்த முள்ளும் முறிஞ்சு வந்தது. ராணுவ ஒப்ரிக்ஸ் செய்து பழகின ஆளெண்டு தெரியாமல் ஒருத்தரிட்டயும் குடுக்காதேங்கோ. விக்கிற எண்ணம் இருந்தா திருத்தாமல் உள்ளபடி விக்கிறதுதான் கூடுதலாச் சரி, வாங்கிறவர் தனக்குத் தெரிஞ்ச ஆளிட்டத் திருத்துவார்.

விலைக்கு வருவம். 120 எண்டது அநியாயம், குடுத்திடாதேங்கோ. ஒறிஜினல் நம்பர் 32, கறுப்பு போகாமல், டிரம் வேலை செய்து, கண்ணாடி தெளிவா இருந்தா தனி ஸ்கோப்பே ஆயிரம் கனேடியன் டொலருக்கு மேல போகிற சாமான். உங்கடதில மங்கல் இருக்கு, அது என்ன மங்கல் எண்டதில பெரிய வித்தியாசம் வரும், அதால இப்ப ஒரு இலக்கம் சொன்னா அது ஊகம். வலையில விலை பாக்கேக்க ஒரு விசயம், கேக்கிற விலையைப் பாக்காதேங்கோ, ஆரும் எவ்வளவும் கேக்கலாம், வித்து முடிஞ்ச விலையை மட்டும் எடுங்கோ. இங்கிலாந்தில ஹோல்ற்ஸ், பொன்ஹம்ஸ், அமெரிக்காவில றொக் ஐலண்ட் மாதிரி ஏல நிறுவனங்கள் முடிஞ்ச விலையைப் போடுறவை. அதிலயும் போட்டிருக்கிறது சுத்தியல் தட்டின விலையோ, வாங்கினவர் கட்டின கமிஷனும் சேர்த்ததோ எண்டு பாருங்கோ. உதாரணத்துக்கு ஆயிரத்துக்குத் தட்டினா வாங்கினவர் இருபது வீதம் சேர்த்து 1200 கட்டுவார், வித்தவருக்கு பதினைஞ்சு வீதம் கழிச்சு 850 தான் கையில வரும். ஒரே சாமான், ஒரே நாள், மூண்டு விலை.

ஆனா உண்மையான காசு குழாயில இல்லை, அந்த நாலு இலக்க நம்பரிலதான் கிடக்கு. ஒவ்வொரு ஸ்கோப்பையும் ஒரு ரைபிளோட சோடி சேர்த்துத்தான் ராணுவம் குடுத்தது, மாத்திப் பூட்டக்கூடாது. இங்கிலாந்தில ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் எண்ட துவக்குக் கொம்பனி 1942-ல இருந்து இருபதாயிரத்துக்கு மேல ரைபிளை இப்பிடி மாத்தினது, அதுகளில ரைபிளின்ர பிடங்கு மரத்தின்ர கழுத்தில ஸ்கோப் நம்பரை அடிச்சிருப்பினம், ஸ்கோப்பைத் தாங்கிற இரும்பு பிராக்கெற்றில ரைபிள் நம்பரை எழுதியிருப்பினம். லோங் பிராஞ்சில செய்த ஸ்னைப்பர் ரைபிள் எல்லாம் சேர்த்தே ரெண்டாயிரம் வராது. போர் முடிய ரைபிள் ஒரு பக்கம் ஸ்கோப் ஒரு பக்கம் எண்டு வித்துத் தள்ளிட்டினம், இண்டைக்கு எங்கயோ ஒராள் உங்கட நம்பர் இருக்கிற ரைபிளை வைச்சுக்கொண்டு ஸ்கோப்பைத் தேடிக்கொண்டிருக்கலாம். அந்த ஆள் அம்பிட்டா சந்தை விலை எல்லாம் ஒரு பக்கம், அவர் தாற விலை வேற. பிரிஞ்ச சோடி சேருறதை நான் ஒரே ஒரு தரம் கண்ணால கண்டனான், அம்பது வயசு மனுசன், பிராக்கெற்றில இருந்த நம்பரையும் ரைபிளில இருந்த நம்பரையும் விரலால தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல.

அதால அந்த வீட்டுக்குப் போகேக்க கதை கேக்கிறதோட இதையும் கேளுங்கோ: ரெண்டு பெரிய கையால திருகிற ஸ்குரூவோட ஒரு இரும்புச் சாமான், பச்சைப் பெயின்ற் அடிச்ச ஒரு தகரப் பெட்டி, தோல் மூடி, இதுகள் கராஜில எங்கயும் கிடக்கோ எண்டு. இரும்பு பிராக்கெற்றைப் பழைய இரும்பெண்டு எறிஞ்சிடுவினம், கெதியாப் போங்கோ. அதில நம்பர் இருந்தா உங்கட ஸ்கோப்புக்குச் சோடியான ரைபிள் எது எண்டு தெரிஞ்சு போகும்.

சட்டம் பற்றியும் ஒரு வசனம். கனடாவில ஸ்கோப்பை மட்டும் வைச்சிருக்க லைசென்ஸ் தேவையில்லை, ரைபிள் எண்டால்தான் வேணும். ஆனா நாட்டுக்கு வெளியில ஆருக்கும் வித்து அனுப்ப முதல் பெர்மிட் வேணுமோ எண்டு கட்டாயம் விசாரியுங்கோ. ஊருக்குப் போகேக்க மச்சானுக்குக் காட்டுவம் எண்டு பெட்டிக்க போட்டுக்கொண்டு மட்டும் போயிடாதேங்கோ, கொழும்பு எயார்போட்டில இது என்ன எண்டு விளங்கப்படுத்தி முடியாது.

வேற ஸ்கோப் வைச்சிருக்கிற ஆக்கள் இதை வாசிச்சா, உங்களுக்கும் ரெண்டு வரி. குழாய் ஒல்லியா நீளமா, திருகிறது குழாயில இல்லாமல் தாங்கியில இருந்தா அமெரிக்கன், வின்செஸ்ரர் ஏ5, அதுக்குப் பிறகு லைமன், உனேர்ட்ல் அந்தப் பக்கம் தேடுங்கோ. பெயரில்லாமல் மூண்டு சின்ன எழுத்து மட்டும் இருந்தா போர்க்கால ஜேர்மன் இரகசியக் குறி, 'பி.எல்.சி.' எண்டால் யேனா செய்ஸ், 'பி.எம்.ஜே.' எண்டால் ஹென்சோல்ற், அதுகளை இன்னும் கவனமா வையுங்கோ. கண்ணாடியில நீலமோ ஊதாவோ மினுங்கினா பூச்சுப் பூசினது, அந்தப் பூச்சை செய்ஸ் 1935-லதான் கண்டுபிடிச்சது, அதால அதுக்கு முந்தின சாமானெண்டு ஆரும் வித்தா நம்பாதேங்கோ. ஜப்பானில செய்தது எண்டு போட்ட ஒல்லிக் குழாய் கூடுதலா 22 எண்ட சின்னக் குண்டு ரைபிளுக்கு 1960களில வந்த மலிவுச் சாமான், அதுக்கு விலை பெரிசா இல்லை.

தம்பி, படம் எடுக்கேக்க இதுகளை எடுங்கோ: சரிச்ச வெளிச்சத்தில எழுத்து, ரெண்டு டிரம்மின்ர மேல்பக்கம், ரோச் அடிச்ச கண்ணாடி ரெண்டு பக்கமும். பக்க டிரம்மில ஒரு கோட்டில இருந்து அடுத்த கோட்டுக்கு எத்தினை டிக் எண்டும் எண்ணி எழுதுங்கோ. நம்பரை மட்டும் முழுசா வெளியில போடாதேங்கோ, கடைசி ரெண்டு இலக்கத்தை மறையுங்கோ, அந்த நம்பரை வைச்சுப் பிராக்கெற் செய்து விக்கிற ஆக்களும் இருக்கினம்.